பாயசம் வேணாம்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பெரிய விடுதியில் எனக்கு ஆயா வேலை. மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான இல்லம் என்று போர்டு இருக்கும். உள்ளே ஒரு நீளமான ஹால், வரிசையாகப் பாய்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொள்ளும். பிறந்தநாள், கல்யாணநாள், திதி என்று யாராவது சாப்பாடு போட வருவார்கள். போடட்டும், புண்ணியமாய்ப் போகட்டும். ஆனால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கார் வந்து நின்றதும் எல்லாரும் வரிசையில் நின்று, கை கூப்பி, சாமி பாட்டு பாடி, "நன்றி ஐயா, நன்றி அம்மா" சொல்ல வேண்டும். வந்தவர் பேசி, போட்டோ எடுத்து முடிக்கிறவரை யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. அதற்குள் சோறு ஆறிப்போகும்.

அவர்களில் ஒருத்தி மதுராந்தகத்துக்காரி. முப்பது வயசு இருக்கும், வாட்டசாட்டமான உடம்பு, பேச்சு ரொம்பக் குறைவு. அவளுக்குப் பால் சேர்ந்த எதுவும் ஆகாது. பாயசம் குடித்தால் வாந்திதான். பாயசம் இல்லாத பிறந்தநாள் உண்டா? "வேணாம்" என்று வாய்க்குள்ளேயே சொல்வாள். கொடுத்தவர் மனசு நோகுமே என்று வேலைக்காரி எவளாவது அவள் தாடையைப் பிடித்து ஊற்றிவிடுவாள். அப்புறம் வாந்தியைக் கழுவுகிறவள் நான். அடப்பாவிங்களா, அவள் மனசு மனசில்லையா என்று எனக்கு வயிறு எரியும்.

பிறகு இல்லத்தை நடத்தின டிரஸ்ட்டில் யாருக்கோ நல்ல புத்தி வந்தது. சிலரை ஊருக்குள் ஒரு வீட்டில், எல்லாரையும் போல வாழ வைக்கலாம் என்றார்கள். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த ஒருவர் திருப்போரூரில் இருந்த தன் வீட்டை வாடகையில்லாமல் கொடுத்தார். மதுராந்தகத்துக்காரியையும் சேர்த்து நாலு பெண்கள், துணைக்கு நான். அங்கே நான் ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். சோற்றுப் பானை நடுவில் இருக்கும், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், பிடிக்காததை வேணாம் என்று சொல்லலாம். முதல் நாள் நாலு பேரும் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நானும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மதுராந்தகத்துக்காரிதான் கரண்டியை எடுத்தாள்.

சோறு பழகிவிட்டது, வாசல் பழகவில்லை. யாராவது கதவைத் தட்டினால் போதும், நாலு பேரும் ஓடி வந்து வரிசை கட்டிவிடுவார்கள். ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கு முழுப் பாட்டையும் பாடி, "நன்றி ஐயா" சொன்னார்கள். அந்த ஆள் பாவம், சிலிண்டரை இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நிற்க வைத்திருந்தால் இப்படி ஆகும்!

சில வருஷம் கழித்து, வீடு கொடுத்தவருடைய மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஆபீஸ் நண்பர்களோடு இங்கே வந்து கொண்டாட ஆசைப்பட்டார். டிரஸ்ட் செயலாளர் எனக்குப் போன் போட்டார். வரிசை, பாட்டு எல்லாம் பழையபடி இருக்கணும், ஒரு நாள்தானே, அவர் முகம் கோணினால் வீடு போய்விடும், நாலு பேரும் திரும்ப ஹாலுக்குத்தான் என்றார். விருந்தாளியாக வந்து உட்காரட்டும், வரிசையெல்லாம் கிடையாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கேக், பலூன், கேமராவோடு வந்தார்கள். பழக்க தோஷத்தில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். உட்காருங்கடி என்றேன். மதுராந்தகத்துக்காரி எழுந்திருக்கவே இல்லை. வீடு கொடுத்தவர் பாயசக் கிண்ணத்தோடு அவளிடம் வந்து, கரண்டியை அவள் வாய்க்கு நேரே நீட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆ காட்டு கண்ணு என்று கொஞ்சினார். அத்தனை பெரிய பொம்பளையைப் பார்த்து! செயலாளர் என்னை முறைத்தார். குடி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் குடித்துவிடுவாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"வேணாம்," என்றாள். இந்த முறை கூடம் முழுக்கக் கேட்டது. கரண்டி இன்னும் கிட்டே போனது. அவள் கிண்ணத்தைப் பிடுங்கி, அவர் பக்கமே நீட்டினாள்.

"நீ குடி."

வீடு போச்சு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் அப்படி ஒரு சந்தோஷம்.

மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஒரு கிண்ணம் பாயசத்துக்காக வீட்டையே தொலைத்துவிட்டாயே என்று செயலாளர் வந்து கத்தினார். திங்கட்கிழமை வேன் வரும், ஹாலுக்கு மூட்டை கட்டு என்றார். நாலு பேரையும் அவர் முன்னாலேயே கேட்டேன், ஹாலுக்குப் போறீங்களா என்று. நாலு பேரும் தலையை ஆட்டி மறுத்தார்கள்.

"கேட்டீங்களா சார்? நான் யாரையும் கையைப் புடிச்சு ஏத்த மாட்டேன். தெருவே பார்க்க நீங்களே தூக்கினு போங்க," என்றேன்.

வேன் வரவில்லை. வேறு வீடு நீயே பார், வாடகை டிரஸ்ட் கொடுக்கும் என்று செயலாளரே இறங்கி வந்தார்.

திருப்போரூரில் யாரும் தரவில்லை. பைத்தியங்களுக்கு வூடு இல்ல என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார்கள். நான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுத முடியாது. கடைசியில் சதுரங்கப்பட்டினத்தில், ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா தன் பின்கட்டு வீட்டைக் காட்டினார். சத்தம் போடுவாங்களா என்று மட்டும் கேட்டார். நான்தான் போடுவேன் என்றேன், சிரித்துவிட்டார். நாலு பேரையும் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டி, அவர்களுக்கும் பிடித்த பிறகுதான் சாவியை வாங்கினேன்.

குடி போன அந்த வாரமே, மத்தியானம் சாப்பிடும்போது கதவைத் தட்டுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செயலாளர், கூடவே கேமராவும் ஸ்வீட் டப்பாவுமாக ஒரு புது ஆள். எழுந்திருக்கப் போனேன். அதற்குள் மதுராந்தகத்துக்காரி எழுந்துவிட்டாள். போச்சு, வரிசைதான் என்று நினைத்தேன். மற்ற மூன்று பேரும் தட்டை விட்டு அசையவில்லை. அவள் எச்சில் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கதவைப் பாதி திறந்தாள்.

"இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

செயலாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"சாப்டுகினு கீறோம். அப்புறம் வா."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.