சுருட்டுக் கொட்டிலில் மறுபடியும் பேப்பர்

எங்கள் சுருட்டுக் கொட்டிலில் சின்னத்தம்பி அண்ணை பேப்பரை உரத்து வாசிப்பார். பாயில் இருந்து கேட்டபடியே நாங்கள் சுருட்டுச் சுற்றுவோம். கொழும்பு வேலைநிறுத்தச் செய்தி வந்ததும் முதலாளி வாசிப்பை நிறுத்திவிட்டார்.

இன்று காலை, எங்கள் சங்கம் சொன்னபடி ஒருவரும் புகையிலையைத் தொடவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் முதலாளி.

"பேப்பர் வேணும். அது கேளாட்டில் எங்களுக்குக் கை ஓடாது" என்றோம்.

மத்தியானம்வரை முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, வாசியுங்கோ" என்று இறங்கி வந்தார்.

அண்ணை பேப்பரை விரித்தார். முதலாளி போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

"உந்தக் கொழும்பு ஸ்ட்ரைக் என்னவாய் முடிஞ்சுது?"

அண்ணை பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்களைப் போலத்தான் முதலாளி. தொழிலாளர் வென்றிட்டினம்!"

நாளை அவருக்கும் ஒரு பாய் போடலாமென்று இருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?