உப்புநீரும் உச்சி வெயிலும்

உப்பளத்தில் நீர் அளப்பவனுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி நீரமானியும், அது சொல்வதே வேதம் என்ற திமிரும்தான். எனக்கு இரண்டும் இருந்தன. கருவியை நம்பி மானம் போன அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

விரலும் கண்ணாடியும்

உரும்பிராயிலிருந்து சைக்கிள் மிதித்து, கடனீரேரிக் கரையிலிருந்த அந்தச் சின்ன உப்பளத்துக்குக் காலை ஆறரைக்கே போய்விடுவேன். பாத்தி நீரின் அடர்த்தியை அளந்து ஏட்டில் எழுதுவது என் வேலை. பாத்திகளையும் மதகையும் பார்த்தவர் சின்னராசா, என் வயதுக்காரர். விரலை நனைத்துப் பெருவிரலோடு ஒட்டிப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார். நீரமானியும் அதையே சொல்லும். வாய்பிளந்து நின்ற என்னிடம் ஒருநாள் சொன்னார்: "உம்மடை கண்ணாடியும் பிழையில்லை ஐசே, என்ரை விரலைப் பார்த்துத்தான் சொல்லுது."

இறங்கிய அளவு

சோளகக் காற்று அடித்த ஒரு நாள், நண்பகலில் மேலாளர் திடீரென வந்து தன் முன்னால் அளக்கச் சொன்னார். காலையில் எழுதியதைவிட அடர்த்தி குறைவு! வெயிலில் வற்றும் நீர் கனக்க வேண்டுமே தவிர இலேசாகலாமா? மதகைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டுவிட்டதாகச் சின்னராசாமேல் பாய்ந்தார் மேலாளர். நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் கருவியின் பக்கம் நின்றேன், அதாவது வாயைத் திறக்கவில்லை. சின்னராசா குரலை உயர்த்தவில்லை: "மதகு பூட்டினபடிதான் கிடக்கு ஐயா. ஒரு பேணி தண்ணி அள்ள விடுங்கோ, பிறகு போறன்."

ஒரு பேணித் தண்ணீர்

பெரிய பால்மாத் தகரப் பேணியில் பாத்தி நீரை அள்ளி மூடினார். ஈரச் சாக்கைச் சுற்றி, கொட்டில் நிழலில் காற்றுப்பட வைத்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து, மேலாளர் பார்த்திருக்க அளந்தேன். காலை அளவுக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றது.

அப்போதுதான் உறைத்தது. சூடேறினால் நீர் விரியும், அடர்த்தி குறையும். பரீட்சையில் இதை எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான்! வெப்பநிலையைக் குறிக்காதது என் பிழை என்று மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சின்னராசாவிடம் "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னராசாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேணியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மத்தியானத்திலை நான் என்ரை விரலையே நம்பிறேல்லை ஐசே, உமக்கு ஏன் உந்தக் கண்ணாடியிலை உவ்வளவு நம்பிக்கை?"

முழுப் புள்ளி எடுத்த பாடம் என் மண்டைக்குள் வந்து சேர, ஒரு நல்ல வேலைக்காரனின் வேலை இரண்டு மணித்தியாலம் பறிபோக வேண்டியிருந்தது.