ராஜாமணியின் அளவுகள்

மண்ணூரில் வார்ப்பு அச்சுகள் செய்யும் அந்த மோல்டு கம்பெனியில் அம்சவல்லியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டைப்பிஸ்ட்டு எங்க?", "டைப்பிஸ்ட்டுகிட்ட குடு." ஆறு வருஷமாக அப்படித்தான். பி.எஸ்ஸி. கணக்கில் இரண்டு பேப்பர் நின்றுபோனதால் வந்த வேலை அது. மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கடிதம், டெலிவரி சலான், மெமோ எல்லாம் அடிப்பாள். சாயங்காலம் இரண்டு பஸ் மாறித் திரும்பிப் போவாள். வயது இருபத்தெட்டு ஆகியிருந்தது.

தொண்ணூற்றொன்று ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. பெங்களூரில் மூடிப்போன ஒரு டிசைன் ஆபீஸிலிருந்து முதலாளி பழையதாக வாங்கியது. ஸ்கிரீனைத் தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கூடவே இருபத்திரண்டு தடித்த புத்தகங்கள், எல்லாம் இங்கிலீஷில். மேனேஜர் வசந்தகுமார் முதல் புத்தகத்தில் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தார். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

அம்சவல்லி படித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதியை உடனே அடித்துப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் பதில் வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, மேலே ஒரு வார்த்தை பேசாத அந்தக் குணம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மார்ச் மாதத்துக்குள் அந்த இயந்திரத்தை ஒழுங்காக நிறுத்தவும் கிளப்பவும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

ராஜாமணி மோல்டு செதுக்கும் டூல்ரூமில் மூத்தவர். மண்ணூர்க்காரர். எட்டாவது வரை படித்தவர். வெர்னியரைக் கையில் எடுத்தால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அளவு பார்ப்பார். ஓசூரிலிருந்து ஒரு பம்பு கம்பெனி தன்னுடைய வெளிநாட்டு மோல்டை அனுப்பி, அதே மாதிரி இன்னொன்று செய்து தரமுடியுமா என்று கேட்டிருந்தது. அதற்கு டிராயிங் கிடையாது. இருந்த ஒரே வழி, மோல்டின் உள்பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து எழுதுவது. அந்த வேலை ராஜாமணிக்கு வந்தது.

முதலில் நோட்டில்தான் எழுதினார். ஏப்ரலில் ஒருநாள் அம்சவல்லி அவரை இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தாள்.

"நோட்டுல எழுதி, அப்புறம் இதுல அடிச்சி, ரெண்டு வேல எதுக்குண்ணா? நேரா இதுலயே அடிச்சிடுங்க."

"தொலஞ்சி போச்சின்னா?"

"தொலையாது."

"கரண்ட் போச்சின்னா?"

"போனாலும் உள்ளயே இருக்கும். நான் பாத்துக்கறேன்."

அவருடைய கோப்புகளைத் தனியாக வைக்க ஒரு டைரக்டரி திறந்து கொடுத்தாள். தற்காலிகமாக இருக்கட்டும் என்று நினைத்து அதற்கு 'டெம்ப் ஆர்' என்று பெயர் வைத்தாள். ஆர் என்றால் ராஜாமணி. பிறகு நல்ல பெயராக மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மாற்றவேயில்லை.

மூன்று மாதம் அவர் ஒற்றை விரலால் எண்களைத் தட்டினார். ஒரு புள்ளிக்கு மூன்று எண். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, அடித்து, திரும்ப வெர்னியரைப் பார்த்து, தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆயிரத்து நானூறு புள்ளிகள். ஜூலை கடைசியில் வேலை முடிந்தது. மோல்டு ஓசூருக்குத் திரும்பிப் போனது. அம்சவல்லி அவருடைய அளவுகளை ஒரு டேப்பில் நகல் எடுத்து பீரோவில் வைத்தாள்.

ஆகஸ்டில் வசந்தகுமார் அவளைக் கூப்பிட்டார்.

"முதலாளி அடுத்த வெள்ளிக்கிழமை ஓசூர் பார்ட்டியைக் கூட்டிட்டு வராரு. ஸ்கிரீன்ல மோல்டோட படம் தெரியணும்னு சொல்றாரு. முடியுமா?"

"எழுத்து மட்டும்தான் சார் வருது. படம் வரணும்னா எக்ஸ் விண்டோன்னு ஒண்ணு போடணும். அது நம்மகிட்ட இல்ல."

"என்கூடப் படிச்சவன் ஒருத்தன் மெட்ராஸ்ல காலேஜ்ல இருக்கான். அவன்கிட்ட இருக்கு. டேப் எடுத்துட்டுப் போனா போட்டுத் தருவான்." பிறகு அவரே சொன்னார்: "இதை ஓட்டிக் காட்டிட்டா, உங்களை சிஸ்டம் அசிஸ்டென்ட்டா போடறதுக்கு நான் பேசறேன்."

அந்த வார்த்தையைப் பஸ்ஸில் மணிமங்கலம் போய்ச் சேரும்வரை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கம்பெனியில் இருந்தது இரண்டே டேப். ஒன்றில் இயந்திரமே கிளம்புவதற்கான சமாச்சாரம் எல்லாம் இருந்தது, அதைத் தொடமுடியாது. இன்னொன்றில் ராஜாமணியின் நகல். புது டேப் பம்பாயிலிருந்து வர மூன்று வாரமாகும். அம்சவல்லி யோசித்துப் பார்த்தாள். அசல் இயந்திரத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. எக்ஸ் விண்டோவை இறக்கியதும் மறுபடி இதே டேப்பில் நகல் எடுத்துவிடலாம். யோசனையில் தப்பு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது டேப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மெட்ராஸிலிருந்து திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ரோட்டில் அது வழக்கமாகியிருந்தது. பெண் போலீஸ் ஒருத்தர் அவள் பையைத் திறந்து, அடியில் தகடு பதித்த டேப்பை வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா இது?"

"கம்ப்யூட்டர் டேப்பு மேடம்."

"இத்த வச்சி இன்னா பண்ணுவ?"

சொல்லத் தெரியவில்லை. படம் வரும் என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். பெயர், ஊர், கம்பெனி எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, பெரிய அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்வதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது. டேப்பை வெயிலில் ஒரு மேஜைமேல் வைத்திருந்தார்கள். சூடு பட்டால் கெட்டுவிடுமே என்று தன் நிழல் அதன்மேல் விழுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து நின்றாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

திங்கட்கிழமை டேப்பைச் செருகினாள். பாதி இறங்கியதும் இடமில்லை என்று நின்றுவிட்டது. அப்படியே கிளப்பிப் பார்த்தாள். எழுத்துருவைக் காணவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. எழுத்துரு இறங்காத பாதியில் இருந்தது. இடம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேண்டாததைத் தேடி அழித்தாள். பெங்களூர்க்காரர்கள் விட்டுப்போன விளையாட்டுகள், மாதிரிப் படங்கள், பழைய கடிதங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. 'டெம்ப்' என்று ஆரம்பிக்கும் பெயர்களில் குப்பை நிறையக் கிடந்தது. ஒவ்வொன்றாக அழிக்கப் பொறுமையில்லை. 'டெம்ப்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழி என்று ஒரே வரியில் அடித்தாள். எல்லா அதிகாரமும் உள்ள பெயரில் அவள் உள்ளே நுழைந்திருந்ததால் இயந்திரம் திருப்பிக் கேட்கவில்லை. இடம் கிடைத்தது.

புதன்கிழமை எல்லாம் இறங்கியது. திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் நெசவு மாதிரி ஒரு பரப்பு வந்தது. நடுவில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. ஆனால் மவுஸை எப்படி இழுத்தாலும் அந்தக் குறி அசையவில்லை. புத்தகத்தில் பார்த்தாள். இந்த மவுஸ் கோடு போட்ட ஒரு பளபளப்பான தகட்டின்மேல்தான் ஓடும் என்று படத்தோடு போட்டிருந்தது. அப்படி ஒரு தகடு பெட்டியில் இல்லை. ஆபீஸ் முழுக்கத் தேடி, கடைசியில் டீ கொண்டுவரும் பாஞ்சாலியிடம் படத்தைக் காட்டினாள்.

"அட, இது எங்கிட்டதான் கீது! பொங்கலுக்கு அப்பால குப்பைல போட வச்சிருந்தாங்க. பளபளன்னு கீதேன்னு டீ கிளாஸ் வைக்க எடுத்துகினேன்."

தகட்டைப் புளிபோட்டுத் தேய்க்காமல் விட்டிருந்தது புண்ணியம். துடைத்து மேஜைமேல் வைத்து மவுஸை நகர்த்தினாள். குறி நகர்ந்தது. திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. மூலையில் வட்டமாக ஒரு கடிகாரம் முள்ளோடு ஓடியது. பாஞ்சாலி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். வசந்தகுமார் ஓடிவந்தார். டூல்ரூமிலிருந்து ராஜாமணியும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "நம்ம அம்சா பண்ணிச்சி," என்று பின்னால் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பகல் வேறு இல்லை. நகல் எடுக்கவேண்டும் என்பது அடுத்த நாளும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியும் ஓசூர்க்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மேஜையைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தது. அளவு எடுத்தவரே திறந்து காட்டட்டும் என்று வசந்தகுமார் ராஜாமணியை உட்காரவைத்தார். அவர் தனக்குத் தெரிந்த வரியை ஒற்றை விரலால் தட்டினார். அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். இல்லை. எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லி மூன்றாம் தடவை தட்டினார்.

டெம்ப் ஆர்.

பின்னால் நின்ற அம்சவல்லிக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அடித்த அந்த ஒரு வரி கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது. எண்கள் மட்டும் இருந்த கோப்புகள். அழித்ததால் கைப்பிடி இடம்கூட மிச்சமாகியிருக்காது. நகல் இருந்த டேப்பின்மேலும் எக்ஸ் விண்டோ ஏறிவிட்டது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி.

ராஜாமணி எழுந்து நின்றார். "நான்தான் சார் எதியோ தப்பா தட்டிட்டேன் போலகீது."

"எட்டாங்கிளாஸ் ஆளை இதுல உக்கார வெச்சது யாரு?" முதலாளி வசந்தகுமாரைப் பார்த்துக் கேட்டார். ஓசூர்க்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. 'சிஸ்டம் அசிஸ்டென்ட்' என்ற வார்த்தையும் கூடவே வந்தது. அவள் தகட்டின்மேல் இருந்த மவுஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றாள். திங்கட்கிழமை ராஜாமணியை மோல்டு வேலையிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கும் பெஞ்சில் புதிதாய்ச் சேர்ந்த பையன்களோடு நிறுத்தியிருந்தார்கள். அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஒருமுறை ஆபீஸ் வாசல்வரை வந்து, "அம்சா, உள்ள எங்கியாவது மாட்டிகினு இருக்குமா? நல்லா தேடிப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார். "பாக்கறேண்ணா" என்றாள். அதைச் சொன்ன தன் வாயை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வசந்தகுமார் இரண்டு டிராஃப்ட் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அடிக்கவேண்டியது அவள்தானே. ஒன்று அவளுடைய பதவி உயர்வு. இன்னொன்று ராஜாமணிக்கு மெமோ: கவனக்குறைவால் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு விளக்கம் கொடுக்கவேண்டும்.

முதல் கடிதத்தை அடித்து முடித்தாள். இரண்டாவதற்குத் தாளை டைப்ரைட்டரில் ஏற்றி, தேதி அடித்து, அவர் பெயரை அடித்தாள். அதற்குமேல் விரல் ஓடவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டு டூல்ரூமுக்கு நடந்தாள்.

ராஜாமணி கிரைண்டரை நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா. நான்தான் அழிச்சேன். இடம் பத்தலன்னு, பேரைப் பாக்காம மொத்தமா அழிச்சிட்டேன். டேப்பையும் நான்தான் எடுத்துகினு போயி அதுமேலயே வேற ஏத்திட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"வெள்ளிக்கிழமையே."

"மொதலாளி கேக்க சொல்லோ, அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நாலு நாளா நான் என் கையத்தான் பாத்துகினு கீறேன். இருபத்தஞ்சு வருசம் தப்பு பண்ணாத கை, எங்க நழுவிச்சின்னு தெரிலயேன்னு. வூட்டுல எம் பொஞ்சாதி சுந்தராம்பாகிட்ட சொல்றேன், எனக்கு வயசாயிடுச்சி, கை மறந்துபோவுதுன்னு. அவ பயந்துபோயி ஆஸ்பத்திரிக்குக் கூப்புடறா." கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "அழிச்சது போவட்டும். யாருக்கும் நடக்கும். இந்த நாலு நாளு இன்னாத்துக்கு?"

அவள் கையிலிருந்த மெமோத் தாளை மடித்தாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அங்க போயி சொல்லு."

போய்ச் சொன்னாள். வசந்தகுமார் அவள் அடித்து வைத்திருந்த முதல் கடிதத்தை நாலாகக் கிழித்தார். மெமோ அவளுக்கு மாறியது. அதையும் அவளே அடித்தாள். முதலாளி வேலையைவிட்டு அனுப்பச் சொன்னாராம். இயந்திரத்தைக் கிளப்ப வேறு ஆள் இல்லாததால் அது நடக்கவில்லை. மோல்டு ஆர்டர் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மறுபடி அளந்து தருகிறேன் என்று ராஜாமணியே ஓசூருக்குப் போனார். அந்த மோல்டு அங்கே உற்பத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்திக் கொடுக்கிறோம் என்றார்கள். பதினான்கு ஞாயிறு. போகவர பஸ்ஸிலேயே ஒரு நாள் கழியும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்தார். கூட வருகிறேன் என்று அம்சவல்லி ஒருதடவை கேட்டதற்கு, "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

டிசம்பரில் நோட்டைப் பார்த்து அளவுகளை அடிக்க அவர் மறுபடி இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள்தான் திரையில் ஜன்னலைத் திறந்து, எங்கே சேமிப்பது, எப்படி நகல் எடுப்பது, நகல் சரியாக ஏறியதா என்று எப்படித் திருப்பிப் படித்துப் பார்ப்பது என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வாயால சொல்லாத. ஒரு பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடு."

அவள் எழுதினாள். வரி வரியாக, நம்பர் போட்டு, கீழே தேதியும் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் எண்ணை வாய்விட்டுச் சொல்லித் தட்டினார். அவள் பக்கத்திலேயே நின்றாள். உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.