விட்டுப் படித்த வரி

1979ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சோமசேகரன் அம்பகரத்தூர் வீட்டிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டான். மொன்றியால் என்று ஒரு பெரிய நகரம். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு வேலை உண்டு. காரைக்காலில் படித்த பிரெஞ்சு அவனுக்குக் கை கொடுத்தது. வாசலில் வாடகைக் கார் நின்றது. நல்ல சகுனமாக எதிரே வருவதற்கு அண்ணி அன்னபூரணி தலைக்குக் குளித்து, இடுப்பில் நிறைகுடத்தோடு படியிறங்கி நின்றாள்.

அவனை வளர்த்த அக்கா நீலாயதாட்சி மட்டும் வாசலில் இல்லை. கொல்லையில் மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்தாள். நிற்க வைத்தவள் அன்னபூரணி.

நீலாயதாட்சி இருபத்து மூன்று வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்போது சோமுவுக்கு நாலு வயது, தாயில்லாப் பிள்ளை. குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தது எல்லாம் அவள்தான். வீட்டில் எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். தம்பி பெண்டாட்டியாக வந்த அன்னபூரணியும் அப்படியே கூப்பிட்டுப் பழகினாள்.

சோமு கனடாவுக்குப் போட்ட மனு இரண்டு முறை திரும்பி வந்தது. எதிர்வீட்டுக் குஞ்சம்மா ஒருநாள் குழாயடியில் அன்னபூரணியின் காதைக் கடித்தாள்: "ரெண்டு தடவையும் அவன் மனு விஷயமா பட்டணம் போறப்ப வாசல்ல யாருடி நின்னா? யோசிச்சுப் பாரு." அன்னபூரணி யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது.

"கார் கெளம்புற வரைக்குந்தான் அக்கா. தப்பா நெனைக்காதீங்க" என்று அன்று காலை சொன்னபோது அவளுக்கே நாக்கு கூசியது.

"இதுல என்னடி இருக்கு? எனக்குப் புதுசா?" என்று நீலாயதாட்சி கொட்டகைக்குப் போய்விட்டாள்.

படியிறங்கிய சோமு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அக்கா எங்க அண்ணி?"

"உள்ள இருக்காங்க. நேரமாச்சு தம்பி, கெளம்புங்க."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேனே."

அவன் திரும்பிப் படியில் கால் வைத்தான். புறப்பட்டவன் மறுபடி வீட்டுக்குள் நுழைவதா? நுழைந்து, போய் அவள் முகத்திலா விழிப்பது? அவனை நிறுத்தக்கூடிய ஒரே பேச்சு எங்கிருந்தோ அன்னபூரணியின் வாயில் வந்து விழுந்தது.

"போவாதீங்க தம்பி. அக்கா கோவமா இருக்காங்க. நீங்க போறது அவுங்களுக்குப் புடிக்கல. மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டாங்க."

சோமு படியில் வைத்த காலை எடுத்தான். பிறகு காரில் ஏறிக்கொண்டான். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அன்னபூரணியின் பாதத்தில் வழிந்தது.

முதல் கடிதம் ஐப்பசியில் வந்தது. நீலாயதாட்சிக்கு எழுத்து தெரியாது. அன்னபூரணியின் புருஷன், சோமுவின் அண்ணன் சிவசுப்பிரமணியன் வயலே கதி என்று கிடப்பவர், "நல்லா இருக்கானாமா? அது போதும்" என்பதோடு சரி. படித்துக் காட்டும் வேலை அன்னபூரணி தலையில் விழுந்தது.

கடிதம் முழுக்க அந்த ஊரின் அதிசயங்கள். 'அக்காவிடம் சொல்லுங்கள் அண்ணி, இது ஒரு பெரிய ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவு. ஊர் நடுவில் மலை. அக்காவிடம் சொல்லுங்கள், பூமிக்குக் கீழே ரயில் ஓடுகிறது, அதற்கு ரப்பர் சக்கரம். கீழேயே கடைத்தெரு இருக்கிறது. மேலே பனி கொட்டினாலும் கீழே வெறும் சட்டையோடு நடக்கலாம். வீடுகளுக்கு மாடிப்படியை வெளியில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.' இப்படி மூன்று பக்கம். கடைசியில் ஒரு வரி: 'அக்காவுக்குக் கோபம் தீர்ந்ததா?'

அந்த வரியை மட்டும் அன்னபூரணி விட்டுவிட்டுப் படித்தாள்.

அடுத்த கடிதத்திலும் அதே வரி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. கோபித்துக்கொண்ட அக்காவுக்கு அந்த ஊரைப் பிடிக்க வைக்கத்தான் அவன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்பது அன்னபூரணிக்கு மட்டுமே தெரிந்தது. 'பனிக்காலத்தில் கால் வழுக்காமல் இருக்கத் தெருவெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள்' என்று அவன் எழுதியபோது நீலாயதாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உப்பையா? மண்ணுலயா? அதுங்களுக்கு ஊறுகா போடத் தெரியாது போலருக்கு!"

இன்னொரு கடிதம் அவன் வேலை பார்க்கும் துணிக் கிடங்கைப் பற்றியது. கிரேக்கர், இத்தாலிக்காரர், போர்ச்சுகல்காரர், ஹைத்தித் தீவுக்காரர் என்று மதியம் எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்களாம். ஒரு தெருவுக்கு ஒரு பாஷையாம். ஐந்து தெரு நடந்தால் ஐந்து தேசமாம்.

"எல்லாம் சரிடி. ஊர்க்கதையே எழுதறானே, நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே?" என்றாள் நீலாயதாட்சி.

அன்னபூரணி கடிதத்தை மடித்தாள்.

பதில் எழுதும்போது நீலாயதாட்சி சொல்வதை அவள் ஓர் எழுத்து குறைக்காமல் எழுதினாள். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள், பொண்ணு பார்க்கட்டுமா. அதையாவது நேர்மையாகச் செய்கிறோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் அவனிடமிருந்து பதில் வந்தது: 'அக்கா சொன்னதாக நீங்களே சேர்த்து எழுதுகிறீர்கள் என்று தெரியும் அண்ணி. உங்களுக்கு நல்ல மனது.'

அந்த 'நல்ல மனது' அவளைச் சாப்பிட விடவில்லை.

ஐந்து வருஷம் ஓடியது. கூட வேலை செய்தவர்கள் எல்லாம் தத்தம் ஊருக்குப் போய் வந்தார்கள். சோமு வரவில்லை. 1984 வைகாசிக் கடைசியில் வந்த கடிதத்தில் காரணத்தை எழுதியிருந்தான்: 'லீவு இருக்கிறது. ஆனால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னால் தாங்க முடியாது. அவர்கள் கூப்பிட்டால் வருகிறேன்.'

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நீலாயதாட்சி, "வரேன்னு எழுதிருக்கானா?" என்றாள்.

"லீவு இல்லையாம் அக்கா."

நீலாயதாட்சி தலையை ஆட்டிக்கொண்டு கீரையை உருவினாள். அன்னபூரணி எழுந்து அடுக்களைக்குப் போய் அழுதாள். ஜூன் பாதியில் காரைக்கால் போய் வான்கடிதம் வாங்கி, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டாள். குடம், கொட்டகை, பொய், விட்டுப் படித்த வரி, எல்லாம்.

அதற்குப் பதிலே இல்லை. ஆடியில் வந்த கடிதத்தில் புது முகவரி இருந்தது. அந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜூன் கடைசியோடு முடியுமாம். ஜூலை முதல் தேதி ஊரில் பாதிப் பேர் கட்டிலும் மெத்தையுமாகத் தெருவில் நிற்பார்களாம். அவனும் அன்று வீடு மாறிவிட்டான். கடிதத்தின் கடைசியில் வழக்கம்போல அதே கேள்வி. அவள் எழுதியது அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அன்னபூரணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காகத்தான் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. புது முகவரி கையில் இருந்தது, வான்கடிதம் எத்தனை வேண்டுமானாலும் தபாலாபீசில் கிடைத்தது. மறுபடி எழுதக் கை வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டரை வருஷம் தள்ளிவிட்டாள். அதற்குள் நீலாயதாட்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

1987 மாசியில் ஒருநாள் தபால்காரர் சுப்ராயன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"நீலாயதாட்சி அம்மாள் யாருங்க? இந்த வீட்டுல அந்தப் பேருக்குத் தபாலே வந்ததில்லையே!"

"நாந்தாங்க. எம்பேருக்கா?" நீலாயதாட்சி உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அன்னபூரணியிடம் நீட்டினாள். "படிடி, படி."

அன்னபூரணி பிரித்தாள். 'அக்கா, என் பழைய வீட்டில் எனக்குப் பிறகு குடிவந்த கிரேக்கக் கிழவரை நேற்று ஒரு கடையில் பார்த்தேன். எனக்கு வந்த கடிதம் ஒன்றை, எழுத்து விளங்காததால், ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்து மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாராம். கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தார். அண்ணி எழுதியது. நான் புறப்பட்ட அன்று...'

அவள் குரல் நின்றுவிட்டது.

"ஏன்டி நிறுத்திட்டே?"

இந்த இடத்திலும் விட்டுவிட்டுப் படிக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் உறையில் இருந்தது அவள் பேர் இல்லை. அன்னபூரணி படித்தாள். கொட்டகையில் நிற்க வைத்ததை, கோபம் என்று சொன்னதை, ஒவ்வொரு கடிதத்திலும் மறைத்ததை, தன் வாயாலேயே படித்தாள்.

நீலாயதாட்சி உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கொட்டாயில நிக்கச் சொன்னே, நின்னேன். அது ஊர் வழக்கம். எனக்குக் கோவம்னு ஏன்டி சொன்னே? அந்தக் குளிர்ல ஏழு வருஷம் எம்புள்ள அதையே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கானே."

"தப்புதான் அக்கா."

"தப்புதான்" என்றாள் நீலாயதாட்சி. சமாதானமாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் படி" என்றாள்.

இன்னும் நாலு வரி இருந்தது. அன்னபூரணி காகிதத்தை நெருக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள்: 'பங்குனிக் கடைசியில் வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். அக்கா, அண்ணி சொன்னதை நம்பிவிட்டு உங்களிடம் நேராகக் கேட்காமல் போனேனே, அது என் தப்பு. அண்ணி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் வந்து அவர்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.'