பதினேழு புள்ளியும் பத்தொன்பது புள்ளியும்

கரடியூரில் முயல் வளர்க்கும் அந்த மனிதரின் ஸ்வெட்டர் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன்மேல் அவ்வளவு முயல் முடி. குட்டிகளைத் தொடுமுன், தாய் முயல் உதிர்த்த முடியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார். வேற்று வாசனை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடுமாம்.

என் பேரப்பிள்ளைகள் ஆறு பேர். ஆளுக்கொரு புள்ளி முயல் தருவதாகச் சொல்லிவிட்டேன். அதனால் பதினேழு கறுப்புப் புள்ளி உள்ள ஆணையும் பத்தொன்பது உள்ள பெண்ணையும் எண்ணித் தேர்ந்தெடுத்தேன்.

"ஏனுங்க ஐயா, குட்டி பூராவும் புள்ளியா வேணும்னா இந்த ஜோடி ஆகாதுங்க. முழுக் கறுப்புல ஒண்ணு, புள்ளி நொம்பக் கம்மியான வெள்ளையில ஒண்ணு புடிச்சுட்டுப் போங்க."

விலை போகாததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எட்டுக் குட்டிகள் பிறந்தன. புள்ளி நான்கு, கறுப்பு இரண்டு, ஏறக்குறைய வெள்ளை இரண்டு. இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. "அந்த மனுஷன் அப்பவே சொன்னாரில்ல" என்று என் மனைவி ஆறு தடவை சொன்னாள்.

குட்டிகள் வளர்ந்ததும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் கூடையில் வைத்து, மாற்றித் தருவாரா என்று கேட்கக் கரடியூருக்கு எடுத்துப்போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த ரெண்டையும் எனக்குக் குடுத்துருங்க. ரெண்டு புள்ளிக் குட்டி தர்றனுங்க."

"ஊட்டுல இன்னும் ஒரு கறுப்பும் வெள்ளையும் இருக்குது. அதையும் கொண்டு வரட்டுங்களா?"

"அந்த ஜோடி உங்களுக்கு வேணுமுங்க. ஏழாவது பேரன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. கூட நின்று பேசிக்கொண்டேயிருந்தார். 'அப்பவே சொன்னேன்' என்பாரென்று காத்திருந்தேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.