கிளியாரே பாட்டின் பேசாத இடம்

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் எல்லாம் நின்றுவிடும். கிற்றார் நிற்கும், மேளம் நிற்கும், பாடுகிறவரும் வாயை மூடிக்கொள்வார். மூன்று மூச்சு விடுகிற நேரம். கலியாண வீடுகளில் பொடியள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து "ஓய்" என்று கத்துவார்கள். கத்திவிட்டுத் திரும்பவும் ஆடுவார்கள். பாட்டு வந்து ஐம்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது, ஆட்டம் இன்னும் ஓயவில்லை.

அது கொழும்பில் பிறந்த பாட்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். படித்த மனிதர் ஒருவர் ரீவியில் வந்து, கப்பல்காரர் கொண்டுவந்த மெட்டு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் சொல்கிறேன். அது முரசுமோட்டையில், எங்கள் வயல் காவல் கொட்டிலில் பிறந்தது. பிறந்தபோது அங்கே இருந்தது இரண்டே பேர். ஒருவர் ஆசைமாமா, அம்மாவின் கடைசித் தம்பி. மற்றது நான்.

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்தவர்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கதிர் பால் பிடிக்கிற காலம் வந்தால் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. விடிந்ததும் அம்மா பழஞ்சோற்றுச் சட்டியோடு என்னைக் கொட்டிலில் ஏற்றிவிட்டுப் போவா. கொட்டிலிலிருந்து வயலின் கிழக்கு மூலை வரைக்கும் ஒரு நீளக் கயிறு. கயிற்றில் கல்லுப் போட்ட தகரப்பேணிகள் ஏழு. இரண்டு தரம் சுண்டி இழுத்து ஒருதரம் மெல்ல விட வேண்டும். டக்டக், டாங். டக்டக், டாங். அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி வாயாலும் கத்திக் கிளியை விரட்ட வேண்டும்.

கிளியைத் திட்டக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. திட்டினால் அது கோபித்துக்கொண்டு சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வருமாம். ஆகவே நான் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன்.

"கிளியாரே, கிளியாரே, ஆர் அங்காலை?"

அந்தப் பக்கம் ஆர் என்று கேட்கிற கடைசிச் சொல் இரண்டும் கிளிக்கு இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டில் இருந்தது. அதில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி காவல் இருப்பாள். நான் கேட்டால் அவள் "நான் இஞ்சாலை" என்று இழுத்துச் சொல்வாள். ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்போம், நூறு தரம் சொல்வோம். ஒரு வருசம் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அவளுடைய ஆட்கள் காணியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்கள். கொட்டில் மட்டும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. நான் பிறகும் கேட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். பழக்கம்.

அந்த நேரத்தில்தான் ஆசைமாமா வந்து இறங்கினார். கொழும்பில் எழுதுவினைஞர் வேலையை விட்டுவிட்டு, தலைமயிரை வளர்த்துக்கொண்டு, ஹோட்டல்களில் பொப் பாட்டுக்காரரோடு சேர்ந்து கிற்றார் அடித்தவர். புத்தி வரட்டும் என்று குடும்பமாகக் கூடி முடிவெடுத்து அவரை எங்களிடம் அனுப்பினார்கள். ஐயா, என் தகப்பன், அவரிடம் மண்வெட்டியைக் கொடுத்துப் பார்த்தார். அரை நாளிலேயே கை கொப்புளம் போட்டுப் பொங்கிவிட்டது.

"கிற்றார் பிடிக்கேக்கை பொங்காத கையோ இது?" என்றார் ஐயா. "சரி, போய்ப் பிள்ளையோடை இருந்து கிளியைக் கலையும். தலைமயிரைக் கண்டாலே பாதி பறந்திடும்."

இப்படித்தான் எனக்கு ஓர் ஆள் கிடைத்தது.

முதல் இரண்டு நாளும் மாமா கொட்டிலில் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் எழும்பி உட்கார்ந்து, நான் கயிறு இழுப்பதையே பார்த்தார்.

"மருமோள், திரும்ப இழு."

இழுத்தேன். மாமா பெட்டியிலிருந்து கிற்றாரை எடுத்து டக்டக், டாங் என்று அதிலும் அடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கூப்பிடச் சொன்னார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை கடைசியிலை நிப்பாட்டுறாய்?"

"ஆரும் மறுமொழி சொல்லுவினமோ எண்டு பாக்கிறனான்."

"அங்கை ஆரும் இல்லையே."

"ஓம், இல்லை."

அடுத்த நாள் மாமா தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று இறங்கிப் போனார். நான் வழக்கம்போல் கூப்பிட்டேன். "கிளியாரே, கிளியாரே, ஆர் அங்காலை?" வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"நான் இஞ்சாலை…"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சரிந்த கொட்டிலுக்குள்ளிருந்து பெண் குரலில் வந்தது. பார்த்தால் மாமா. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, சேறு பூசின காலோடு, அந்த விழப்போகிற கொட்டிலில் ஏறி நின்றார். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு சிரித்திருக்கிறேனா தெரியாது.

இரண்டு கிழமை அப்படிப் போனது. மாமா கயிற்றுச் சத்தத்தை வைத்துப் பாட்டைக் கட்டினார். ஒரு வரி கட்டுவார், என்னைப் பாடச் சொல்வார், பிறகு தலையை ஆட்டிவிட்டு மாற்றுவார். பாட்டில் கிளியாரை வீட்டுக்குக் கூப்பிட்டார், கிளியார் இருக்கக் கதிரை போட்டார், கிளியாருக்குப் பொம்பிளை பார்த்தார். மெட்டு மட்டும் மாறவில்லை. அது என்னுடையது.

அன்று காலை மாமா வாய்க்காலில் குளிக்கப் போனார். "கிற்றாரைத் தொடாதை, என்ன" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் எடுத்து மடியில் வைத்தேன். ஒரு கம்பியைத் தட்டினேன். அது வயிற்றுக்குள் போய் அதிர்ந்தது. இன்னொன்றைத் தட்டினேன். எவ்வளவு நேரம் தட்டினேனோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது கிழக்கு மூலை பச்சையாக இருந்தது. அறுப்புக்கு முற்றின வயல் அப்படிப் பச்சையாக இருக்கக்கூடாது. அவ்வளவும் கிளி.

ஐயா வரம்பால் ஓடிவந்தார், கையில் மண்வெட்டி. மற்றப் பக்கத்தால் மாமா ஈரத் துவாயோடு ஓடிவந்தார். மாமாதான் முந்தினார். கொட்டிலில் ஏறின வேகத்தில் என் மடியிலிருந்து கிற்றாரைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நான் கயிற்றைப் பிடித்தேன். பேணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. கிளிகள் எழும்பிப் போயின. அந்த மூலையில் கதிர் இல்லாத வெறும் தாள்தான் நின்றது.

"ஆர் காவல் நிண்டது?" என்றார் ஐயா.

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தான் அத்தான் நிண்டனான்" என்றார் மாமா. "பாட்டிலை இருந்திட்டன்."

"பிள்ளை, உண்மையோ?"

நான் பேணிகளைப் பார்த்தேன். ஏழும் ஆடி ஆடி ஓய்ந்துகொண்டிருந்தன. வாய்க்கால் சத்தமும் கேட்கவில்லை, காற்றுச் சத்தமும் கேட்கவில்லை. மூன்று மூச்சு விடுகிற நேரம் இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே ஐயாவுக்குப் பதிலாகப் போய்விட்டது.

"நல்லது" என்றார் ஐயா. "காலமை பஸ்ஸுக்கு வெளிக்கிடும். கிளிக்கு நான் சோறு போட்டதே காணும், இனி உமக்குமோ?"

மறுநாள் காலை நான் கொட்டிலில் இருந்தேன். மாமா கிற்றார்ப் பெட்டியோடு வாய்க்கால் கட்டால் றோட்டுக்குப் போனார். பாதி வழியில் நின்று இந்தப் பக்கம் திரும்பினார்.

"கிளியாரே, கிளியாரே, ஆர் அங்காலை?"

நான் கொட்டிலின் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் ஒருக்கால் கேட்டார். பஸ் கோண் அடிக்கிற சத்தம் வந்த பிறகுதான் போனார்.

கயிற்றை இழுத்தபோதுதான் கண்டேன், அதில் ஆறு பேணிதான் இருந்தது. நெளிந்த பேணி, மற்றவற்றைவிடக் கரகரத்த குரல் உள்ளது, காணவில்லை.

"பேணியையும் களவெடுத்துக்கொண்டு போட்டார் உன்ரை தம்பி" என்று ஐயா அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த வருசம் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரரின் ரேடியோவில் அது கேட்டது. முதலில் கேட்டது பாட்டு இல்லை, பேணி. டக்டக், டாங். அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியும். பிறகு மாமாவின் குரல், "கிளியாரே, கிளியாரே." கடையில் நின்ற பெரிய ஆட்கள் காலால் தாளம் போட்டார்கள். "ஆர் அங்காலை?" என்று கேட்டுவிட்டு எல்லாம் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. ரேடியோ பழுதாகிவிட்டது என்று கடைக்காரர் அதன் தலையில் தட்டினார்.

மாமா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஐயா கேட்டபோது நான் வாய் திறக்காமல் நின்ற அந்த நேரத்தை, அளவு குறையாமல், அப்படியே பாட்டுக்குள் வைத்து இலங்கை முழுவதற்கும் போட்டுக்காட்டுகிறார். இனி ஆராவது கேட்பார்கள், இந்த இடத்தில் பேசாமல் இருக்கிறது ஆர் என்று. பாட்டு முடியுமுன்பே எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்துவிட்டேன்.

ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் குடியேற்றக் கொலனி முழுக்க அந்தப் பாட்டைப் பாடியது. கொட்டில்களில் காவல் இருந்த பிள்ளைகள் எல்லாம் அதையே பாடினார்கள். கிளிகளும் அது பழகிப்போய்ப் பறப்பதை விட்டுவிட்டன. ஐயா வரம்பு கட்டும்போது தன்னை அறியாமல் முணுமுணுப்பார், ஆர் பாடினது என்பது நினைவுக்கு வந்ததும் காறித் துப்புவார். பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன், அந்த மெட்டு என்னுடையது என்று.

"ஓம், மழையும் உன்ரைதான்" என்றா அம்மா. "அடுப்பைப் பார்."

அன்றைக்குக் காவலைக் கோட்டைவிட்டது நான் என்ற மற்றதை அம்மாவிடமும் சொல்லவில்லை. பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்வேன். பேணி திரும்ப அடிக்கத் தொடங்கியிருக்கும் என்று கணக்குப் பார்த்து விரலை எடுப்பேன். மாமா கப்பலேறி லண்டனுக்குப் போனார். எங்கள் வீட்டுக்கு அவர் பிறகு வரவே இல்லை. ஐயா சாகும்வரைக்கும் "உன்ரை மாமன் ஒரு மூலை நெல்லைக் கிளிக்குத் தீத்தினவன்" என்று சொல்லிச் சொல்லித்தான் சோறு சாப்பிட்டார். சோறு போட்டுக்கொடுத்தவள் நான்.

மாமா செத்து இரண்டு வருசத்துக்குப் பிறகு அவருடைய மகள் ஊர் பார்க்க வந்தா. தகப்பனின் மூக்கு. கதையோடு கதையாகச் சொன்னா:

"மச்சாள், அங்கை கொண்டாட்டங்களிலை அப்பாவைப் பாடச் சொல்லுவினம். ஆனா அந்த நிக்கிற இடத்திலை மட்டும் ஆரையும் கத்த விடமாட்டார். 'பொறுங்கோ, ஒரு ஆள் மறுமொழி சொல்லவேணும்' எண்டு கையைக் காட்டுவார். ஆரெண்டு கேட்டால் சிரிப்பார்."

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். கொதித்த தண்ணீர் வற்றுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடை வாசலில் எண்ணெய்ப் போத்தலோடு நின்ற பிள்ளைக்கு அது விளங்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து ஓடினாள். கிடுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளை அவர் வாய்க்கால் கட்டில் நின்று இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கலியாணம். பாட்டுப் போட்டார்கள். இந்தமுறை நான் காதை அடைக்கவில்லை. எல்லாம் நின்றது. "நான் இஞ்சாலை" என்று சொன்னேன். பொடியள் கத்தின கத்தலில் பக்கத்துக் கதிரையில் இருந்தவளுக்குக்கூட அது கேட்கவில்லை.