இடியப்பக் கடைக்கு எண்ணெய்த் தொட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. மலேசியாவில், ஜொகூரில் ஒரு சிறிய டவுனில் முப்பத்தொரு வருடமாக இடியப்பம் விற்கிறேன். அரிசி மாவு, ஆவி, தேங்காய்ப்பூ, பழுப்புச் சீனி, அவ்வளவுதான். என் கடையில் வாணலியே கிடையாது.

சில வருடங்களுக்கு முன் மாவட்ட மன்றத்து அதிகாரி ஒருவர் கையெழுத்து வாங்க ஒரு பாரம் கொண்டுவந்தார். சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் கிரீஸ் டிராப் கட்டாயமாம். கழுவும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும் தொட்டி அது.

"சைன் பண்ணுங்க ஆன்ட்டி."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கௌரவம் விடவில்லை. கண்ணாடியைப் போட்டு, படிப்பதுபோல் பார்த்து, கையெழுத்து வைத்தேன். என் பெயரை மட்டும் நன்றாக எழுதுவேன்.

தொட்டி வந்தது. பிடிக்க எண்ணெய் இல்லை. தண்ணீர் தேங்கியது, கொசுப்புழு வந்தது. பிறகு சுகாதார இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான். மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன பாட்டி, இடியப்பத்தோட கொசுவும் விக்கிறீங்களா?"

"வளக்கச் சொன்னது மன்றம் தம்பி. அங்க போய்க் கேளு."

"அது அவங்க ரூல், இது எங்க ரூல் லா. அடுத்த வாட்டி புழு இருந்தா கடைய மூடிருவோம்."

தொட்டியை எடுத்தால் லைசென்ஸ் ரத்து என்றது மன்றம். வைத்தாலும் கடை போகும், எடுத்தாலும் போகும்.

தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் மொண்டேன். மன்றத் தலைவர் பொதுமக்களைப் பார்க்கும் நாளில் போய் அவர் மேசைமேல் வைத்தேன். பாரம் கொண்டுவந்த அதிகாரியும் பக்கத்தில் நின்றார். பேச்செல்லாம் மலாயில்தான்; ஐயா என்பதற்கு அங்கே துவான்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் துவான்" என்றார் அதிகாரி.

தலைவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் துள்ளின. "எண்ணெய் எங்க ஆன்ட்டி?"

"அதைத்தான் துவான் மூணு மாசமா நானும் தேடுறேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். ஒரு ஆபீசில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அவர் கிளார்க்கைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். "படிச்சுக் காட்டு" என்றார். கிளார்க் படித்தார்: இந்த இடியப்பக் கடைக்கு விலக்கு.

கேட்ட தலைவர், "இவங்க கடைக்கு மட்டுமா? எண்ணெயில்லாத எல்லாக் கடைக்கும்னு போடு. மன்றக் கூட்டத்துல வைக்கிறேன். அதுவரைக்கும் யார் லைசென்ஸையும் தொடக்கூடாது." மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார். கூட்டத்தில் அது நிறைவேறியது. தொட்டி போனது, புழுவும் போனது.

சின்ன அதிகாரி ரூலைக் கொண்டுவருவார். மாற்றும் அதிகாரம் மேலே இருக்கிறது. பாட்டிலை அந்த மேசைவரை கொண்டுபோக வேண்டியது நம் வேலை. இன்னொன்றும் கற்றேன். அவ்வளவு படித்தவர், தான் சொன்ன கடிதத்தையே இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு என்ன வெட்கம்?

துர்கா, நான் சொல்லி நீ எழுதின இந்தக் கதைய மொதல்லருந்து படி. கேட்டுட்டு கையெழுத்துப் போடுறேன்.